அமெரிக்கக் கண்டங்களின் பழைய நாகரிகங்களும் ஐரோப்பியர் வருகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக வரலாற்றில் இந்தப் பகுதிக்கு வரும்போதெல்லாம் கல்லூரி மாணவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் எழுப்புகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். இரண்டு கண்டங்களையும் முழுமையாகப் பேச இங்கே இடமில்லை என்பதால் மெக்சிகோ, நடு அமெரிக்கா, ஆண்டீஸ் மலைநாடு ஆகியவற்றிலேயே பெரிதும் நின்றுகொள்கிறேன்.

கொலம்பஸ்தானே அமெரிக்காவைக் கண்டுபிடித்தார்? அவருக்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள்?

1492 அக்டோபர் 12 அன்று கொலம்பஸ் பஹாமாத் தீவுகளில் ஒன்றில் இறங்கியபோது, அவரைக் கரையில் எதிர்கொண்டவர்கள் அந்தத் தீவின் குடிமக்கள். ஆசியாவின் வடகிழக்கு முனையிலிருந்து மனிதர்கள் அமெரிக்காவுக்குள் சென்றது பனியுகத்தில். நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸ் பகுதியில் பழைய ஏரிக்கரைச் சேற்றில் பதிந்த காலடித் தடங்கள் 21,000 முதல் 23,000 ஆண்டுகள் பழைமையானவை என்று அண்மை ஆய்வுகள் கணிக்கின்றன.

ஐரோப்பியர்களிலும் கொலம்பஸ் முதல்வர் அல்லர். வட ஐரோப்பாவின் நார்ஸ் கடலோடிகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் சில காலம் குடியேறியிருந்தார்கள். அங்கே கிடைத்த மரத்துண்டுகள் 1021ஆம் ஆண்டில் வெட்டப்பட்டவை. ஆனால் அந்தத் தொடர்பு நீடிக்கவில்லை. 1492க்குப் பிறகு ஏற்பட்ட தொடர்பு அறுபடவே இல்லை என்பதுதான் வேறுபாடு.

எகிப்து, சிந்துவெளி அளவுக்குப் பழைய நாகரிகம் அங்கே உண்டா?

உண்டு. பெரு நாட்டின் கடற்கரையை ஒட்டிய சூப்பே பள்ளத்தாக்கில் இருக்கும் காரல், கி.மு. 2600 அளவிலேயே மேடைக் கோயில்களும் வட்ட வடிவ மன்றங்களும் கொண்ட நகரமாக இருந்தது. எகிப்தில் பிரமிடுகள் எழுந்த காலமும் மொகஞ்சதாரோ செழித்த காலமும் இதுவே. காரல் மக்களுக்கு மட்பாண்டம் செய்யத் தெரியாது. ஆனால் பருத்தி பயிரிட்டு வலை பின்னினார்கள், அந்த வலையால் கடற்கரை மக்கள் பிடித்த நெத்திலி மீன் உள்நாட்டுக்கு உணவாக வந்தது. தானியமும் பானையும் இருந்தால்தான் நகரம் உருவாகும் என்ற பழைய எண்ணத்தை இந்த ஓரிடமே அசைத்துவிட்டது.

மெக்சிகோ வளைகுடாக் கரையில் ஓல்மெக் பண்பாடு கி.மு. 1200 அளவில் தலையெடுத்தது. ஆளுயரத்தையும் தாண்டும் எரிமலைக்கல் தலைச்சிற்பங்கள் அவர்களுடையவை; இதுவரை 17 கிடைத்துள்ளன.

மாயா, ஆஸ்டெக், இன்கா மூன்றும் ஒன்றுதானா? எனக்குக் குழப்பமாகவே இருக்கிறது.

இடத்தாலும் காலத்தாலும் மொழியாலும் வெவ்வேறானவை. மாயாக்கள் இன்றைய தென்கிழக்கு மெக்சிகோ, குவாத்தமாலா, பெலிஸ், ஹோண்டுராஸின் மேற்குப் பகுதி ஆகியவற்றில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு ஒரே பேரரசு என்றும் இருந்ததில்லை. திக்கால், பலெங்கே, கோப்பான் போன்ற நகர அரசுகள் ஒன்றோடொன்று போரிட்டும் உறவாடியும் வந்தன. கி.பி. 250 முதல் 900 வரை அவற்றின் உச்ச காலம்.

ஆஸ்டெக்குகள் எனப்படும் மெஹிக்கா மக்கள் 1325இல் தெஸ்கோகோ ஏரித் தீவில் தெனோச்தித்லான் நகரை அமைத்து, 1428இல் இரண்டு அண்டை நகரங்களுடன் கூட்டணி கண்டு, நடு மெக்சிகோவைத் திறை செலுத்த வைத்தார்கள். இன்கா அரசு தென் அமெரிக்காவில் குஸ்கோவை மையமாகக் கொண்டு 1438 அளவில் பச்சகூத்தி அரசரின் காலத்தில் விரிவடைந்தது. ஆஸ்டெக், இன்கா ஆகிய இரண்டு பேரரசுகளும் ஐரோப்பியர் வந்தபோது ஒரு நூற்றாண்டு வயதை ஒட்டியவை. நாகரிகத்தின் வயதையும் ஆட்சியின் வயதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கும் சிக்கல் வருகிறது.

சக்கரமும் இரும்பும் இல்லாதவர்களை முன்னேறியவர்கள் என்று எப்படிச் சொல்வது?

சக்கரத்தின் இயக்கம் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. பழைய மெக்சிகோவில் சக்கரம் பூட்டிய சிறு மண் விலங்குப் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. இழுக்க மாடும் குதிரையும் இல்லாத நாட்டில் வண்டியால் பெரிய பயன் ஏதும் இல்லை. ஆண்டீஸில் இருந்த லாமா சுமார் 30 கிலோ வரை முதுகில் சுமக்கும், வண்டி இழுக்காது. செங்குத்தான மலையில் படிக்கட்டுப் பாதைதான் அதற்கும் மனிதருக்கும் ஏற்றது. அப்படிப்பட்ட பாதைகளை இன்காக்கள் 30,000 கிலோமீட்டருக்கு மேல் அமைத்து, வழிநெடுக உணவுக் கிடங்குகளும் அஞ்சல் ஓட்டக்காரர்களின் நிலையங்களும் வைத்திருந்தார்கள். இரும்பு இல்லைதான், ஆனால் குஸ்கோ அருகே உள்ள சாக்சைவாமான் கோட்டைச் சுவரின் கற்கள் கத்தி நுழையாத அளவுக்குக் கல்லைக் கொண்டே இழைத்துப் பொருத்தப்பட்டவை. ஒரு சமூகத்தை அதனிடம் இல்லாத பொருள்களின் பட்டியலைக்கொண்டு அளப்பது எனக்கு ஏற்புடையது அன்று.

அவர்களுக்கு எழுத்து இருந்ததா? இன்காக்களுக்கு வெறும் கயிறுதான் என்கிறார்களே?

மாயாக்களுக்கு முழுமையான எழுத்து முறை இருந்தது. பேசிய எதையும் எழுத முடிந்தது. எண்களைப் புள்ளி, கோடு, சங்கு வடிவச் சுழியம் ஆகிய மூன்று குறிகளால் இருபதின் அடுக்குகளாக எழுதினார்கள். இன்று டிரெஸ்டன் நகரில் இருக்கும் மாயா ஏட்டில் வெள்ளிக் கோளின் 584 நாள் சுற்று கணக்கிடப்பட்டுள்ளது. ஐந்து சுற்றுகள் எட்டு ஆண்டுகளுக்குச் சமம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். 1562இல் மாயா நாடான யுகத்தானில் இருந்த தியேகோ தே லாந்தா என்னும் பாதிரியார், மானி என்ற ஊரில் மாயா ஏடுகளைக் குவித்துத் தீயிட்டார். இன்று நான்கே ஏடுகள் மிஞ்சியுள்ளன. அதே லாந்தா, மாயா எழுத்துகளுக்கு உரிய ஒலிகள் என்று தாம் எண்ணியவற்றை எழுதி வைத்த குறிப்புதான், 1952இல் சோவியத் அறிஞர் யூரி குனோரசோவுக்கு அந்த எழுத்தைப் படிக்க வழிகாட்டியது.

இன்காக்களின் கயிற்றுக் கணக்கான கிபுவை வெறும் கயிறு என்று தள்ள முடியாது. ஒரு தலைக்கயிற்றிலிருந்து பல கிளைக்கயிறுகள் தொங்கும். கிளைக்கயிற்றில் 352 என்று பதிய வேண்டுமானால், மேல் பகுதியில் மூன்று தனி முடிச்சுகள், சற்று இடைவெளி விட்டு நடுவில் ஐந்து, கீழே இரண்டு சுற்றுள்ள ஒரு நீண்ட முடிச்சு. முடிச்சின் இடமே அதன் மதிப்பைச் சொல்லும். சுழியத்துக்கு அந்த இடம் வெறுமையாக விடப்படும். ஒன்றாம் இடத்துக்கு மட்டும் முடிச்சின் வகை வேறு என்பதால் ஓர் எண் எங்கே முடிகிறது என்பதில் ஐயமே வராது. இந்தப் பதின்ம முறையை 1912இல் லேலண்ட் லாக் விளக்கினார். கயிற்றின் நிறமும் முறுக்கும் எண்ணுக்கு அப்பால் வேறு செய்திகளையும் தாங்கினவா என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது.

2012இல் உலகம் அழியும் என்று மாயாக்கள் எழுதி வைத்தார்களாமே?

அப்படி எழுதவில்லை. அவர்களின் நீண்ட கால நாட்கணக்கு முறையில் 1,44,000 நாள் கொண்ட ஒரு பெரும் பகுதி 13 முறை நிறைவடைந்த நாள் 2012 டிசம்பர் 21. கணக்கு அதன் பிறகும் தொடரும். அந்த நாளைத் தாண்டிய தேதிகளையும் மாயாக் கல்வெட்டுகளில் காணலாம்.

மக்காச்சோளத்தையும் உருளைக்கிழங்கையும் மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய நகரங்களுக்கு எப்படி உணவளித்தார்கள்?

மக்காச்சோளமே அவர்களின் பெருஞ்சாதனை என்பேன். தென்மேற்கு மெக்சிகோவில் தியோசிந்தே என்ற காட்டுப் புல்லில் விரல் நீளக் கதிரில் ஓட்டுக்குள் மூடிய சில மணிகளே இருக்கும். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கித் தலைமுறை தலைமுறையாக விதை தேர்ந்தெடுத்து அதை இன்றைய கதிராக்கினார்கள். ஒரே நிலத்தில் மக்காச்சோளம், அதன் தண்டைப் பற்றி ஏறும் பீன்ஸ், தரையை மூடும் பூசணி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பயிரிட்டதால் மண்ணின் வளமும் காத்துக்கொள்ளப்பட்டது.

சமைக்கும் முறையிலும் ஆழ்ந்த அறிவு இருந்தது. மணிகளைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, காலையில் தோல் கழலத் தேய்த்துக் கழுவி, நம் அம்மியை ஒத்த மெத்தாத்தே என்னும் கல்லில் அரைத்து ரொட்டி தட்டினார்கள். சுண்ணாம்பு, தானியத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்தை உடல் ஏற்கும்படி விடுவிக்கிறது. ஐரோப்பியர் விதையை எடுத்துச் சென்றார்கள், இந்த முறையைக் கற்றுக்கொள்ளவில்லை. மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலிய ஏழைகளிடையே பெல்லாக்ரா என்னும் கொடிய சத்துக்குறை நோய் பரவியது அதனால்தான்.

தெனோச்தித்லானைச் சுற்றி, ஏரியின் ஆழமற்ற பகுதிகளில் சேற்றை வாரி மேடாக்கிய சினாம்பா வயல்களில் ஆண்டுக்குப் பல போகம் விளைந்தது. ஆண்டீஸில் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, காலையில் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்துச் சுன்யோ ஆக்கினார்கள். அது ஆண்டுக்கணக்கில் கெடாது. இன்காக் கிடங்குகளின் வலிமை அதில்தான் இருந்தது.

நரபலி கொடுத்தது உண்மையா, ஸ்பானியர் கட்டிவிட்ட கதையா?

உண்மைதான். மெக்சிகோ நகரத்தில் ஆஸ்டெக்குகளின் பெரிய கோயிலுக்கு அருகே 2015 முதல் நடந்த அகழாய்வில், சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து அடுக்கிய மண்டையோட்டுக் கோபுரம் ஒன்று வெளிப்பட்டது. சுமார் 600 மண்டையோடுகள் அதில் எண்ணப்பட்டன, பெண்களுடையவையும் குழந்தைகளுடையவையும் அவற்றில் உண்டு. இதை மறைப்பதால் அந்த மக்களுக்கு எந்த நன்மையும் இல்லை.

ஆனால் 1487இல் கோயில் திறப்பின்போது நான்கே நாளில் 80,000 பேர் பலியிடப்பட்டனர் என்று பிற்கால ஏடுகள் சொல்லும் கணக்கு நடைமுறையில் இயலாதது. படையெடுப்பை நியாயப்படுத்த விரும்பியவர்களுக்கு அந்த எண் வசதியாக இருந்தது. அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் மதத்தின் பெயரால் மனிதர்கள் பொது இடத்தில் எரிக்கப்பட்டதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வெறும் 500 ஸ்பானியர் எப்படி ஒரு பேரரசையே வீழ்த்தினார்கள்?

அவர்கள் தனியாக வீழ்த்தவில்லை. 1519இல் எர்னான் கோர்ட்டெஸ் சுமார் 500 வீரர்களுடனும் 16 குதிரைகளுடனும் மெக்சிகோக் கரையில் இறங்கினார். ஆஸ்டெக்குகளுக்குத் திறை கொடுத்து வெறுத்திருந்த ஊர்களும், பணியாமலேயே பல ஆண்டுகள் போரிட்டு வந்த த்லாஷ்காலா அரசும் அவருடன் சேர்ந்தன. மலிந்த்சின் என்ற அடிமைப் பெண் ஆஸ்டெக்குகளின் மொழியான நவாட்ல், மாயா ஆகிய இரு மொழிகளும் அறிந்தவர். அவர் இல்லாமல் இந்தக் கூட்டணிகளைப் பேசி முடித்திருக்க முடியாது.

1520 ஜூன் 30 இரவில் ஸ்பானியர் தலைநகரத்திலிருந்து பெரும் இழப்புடன் விரட்டப்பட்டார்கள். த்லாஷ்காலா அன்று அடைக்கலம் தந்திராவிட்டால் கோர்ட்டெஸின் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதே ஆண்டில் கியூபாவிலிருந்து வந்த மற்றொரு ஸ்பானியப் படையுடன் பெரியம்மை நகருக்குள் நுழைந்தது. புதிய அரசர் குவித்லாவாக் சில மாதங்களுக்குள் அதற்குப் பலியானார். 1521இல் பல்லாயிரம் உள்நாட்டு வீரர்கள் நகரைச் சூழ்ந்தார்கள். த்லாஷ்காலாவிலிருந்து சுமைதூக்கிகள் மலை கடந்து கொண்டுவந்த பலகைகளைப் பூட்டி 13 போர்ப் படகுகள் ஏரியில் விடப்பட்டன. சப்புல்தெபெக்கிலிருந்து வந்த குடிநீர்க் கால்வாய் உடைக்கப்பட்டது. பசியிலும் தாகத்திலும் ஏறக்குறைய இரண்டரை மாதம் தாக்குப்பிடித்த நகரம் ஆகஸ்ட் 13 அன்று வீழ்ந்தது, அரசர் குவாவ்தெமோக் பிடிபட்டார்.

ஸ்பானியரைக் கடவுள் என்று நம்பி ஏமாந்தார்கள் என்று படித்தேனே?

பாடநூல்களில் இன்றும் தொடரும் இந்தக் கதை, போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட ஏடுகளில்தான் உருப்பெறுகிறது. கோர்ட்டெஸ் அந்நாளில் மன்னருக்கு எழுதிய கடிதங்களில் தம்மை யாரும் கேத்சால்கோவாத்ல் தெய்வமாக எண்ணியதாகச் சொல்லவில்லை. அப்போதைய ஆஸ்டெக் அரசர் மொக்தெசுமா தூதர்களை அனுப்பி விசாரித்தார், பரிசு கொடுத்துத் திருப்பி அனுப்பப் பார்த்தார், வழியிலேயே தடுக்க முயன்றார். அறியாத படை ஒன்றை எதிர்கொள்ளும் எந்த அரசரும் செய்யக்கூடியவை இவை. முந்தைய விடையில் சொன்ன கூட்டணியைக் கணக்கில் எடுத்தால், தெய்வ நம்பிக்கை என்ற விளக்கத்துக்குத் தேவையே எழவில்லை.

இன்காவும் அதே மாதிரிதான் வீழ்ந்ததா?

சாயல் ஒன்று, விவரம் வேறு. இன்கா அரசர் வைனா காபாக் ஸ்பானியர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னர் கொள்ளைநோயில் இறந்ததாகக் கூறப்படுகிறது. அது பெரியம்மையாக இருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அவருடைய மகன்கள் வாஸ்கார், அதவால்பா இருவருக்கும் அரியணைப் போர் மூண்டது. அதவால்பா வென்ற வேளையில், 1532 நவம்பர் 16 அன்று, கஹமார்க்காச் சதுக்கத்தில் ஸ்பானியத் தளபதி பிரான்சிஸ்கோ பிசாரோவின் 168 பேர் பதுங்கியிருந்து தாக்கி அவரைச் சிறைபிடித்தனர். விடுதலைக்கு ஈடாக ஓர் அறையை ஒரு முறை பொன்னாலும் இரு முறை வெள்ளியாலும் நிரப்பித் தருவதாக அவர் சொன்னார், தந்தும் விட்டார். சுமார் 6 டன் பொன்னும் 12 டன் வெள்ளியும் சேர்ந்தன. கலைப்பொருள்கள் பெரும்பாலும் உருக்கப்பட்டன. 1533இல் அவர் கொல்லப்பட்டார்.

இங்கும் இன்காக்களிடம் பகைகொண்ட வாங்கா, கன்யாரி மக்கள் ஸ்பானியருக்குத் துணை நின்றார்கள். வாங்காத் தலைவர்கள் தாங்கள் கொடுத்த உணவு, ஆள், லாமா அத்தனைக்கும் கிபுவில் கணக்கு வைத்திருந்து, 1561இல் லிமாவின் ஸ்பானிய நீதிமன்றத்தில் அதைப் படித்துக்காட்டி ஈடு கேட்டார்கள். கயிற்று முடிச்சுக்கு எவ்வளவு நம்பகத்தன்மை இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. குஸ்கோவும் 1533இலேயே பிடிபட்டாலும் இன்கா எதிர்ப்பு ஓயவில்லை. வில்கபாம்பாக் காடுகளில் இயங்கிய அரசு 1572இல் துபாக் அமாரு கொல்லப்படும் வரை நீடித்தது. மாயாக்களின் கடைசி அரசான இத்சா 1697இல்தான் வீழ்ந்தது.

மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்? ஒவ்வொருவரும் ஒவ்வோர் எண் சொல்கிறார்களே?

1492இல் இரு கண்டங்களிலும் வாழ்ந்தவர்கள் 80 லட்சம் என்று சொன்னவர்களும் உண்டு, 10 கோடிக்கு மேல் என்று சொன்னவர்களும் உண்டு. பின்னாளைய வரிப் பட்டியல், தேவாலயப் பதிவு, நிலப்பயன்பாட்டுச் சான்று ஆகியவற்றிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டியிருப்பதே இவ்வளவு வேறுபாட்டுக்குக் காரணம். அண்மைக் கணிப்புகள் பல 5 முதல் 6 கோடி என்ற எல்லையில் நிற்கின்றன. தொடக்க எண்ணில் எவ்வளவு கருத்து வேறுபாடு இருந்தாலும், ஒன்று ஒன்றரை நூற்றாண்டுக்குள் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு மக்கள்தொகை சரிந்தது என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

நோய்தானே கொன்றது? அதற்கு ஐரோப்பியர் மீது எப்படிப் பழி சொல்ல முடியும்?

மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், மிகக் கவனமாக விடை சொல்ல வேண்டியதும் இதற்குத்தான். பெரியம்மையை யாரும் திட்டமிட்டு மெக்சிகோவுக்குக் கொண்டுவரவில்லை. ஆனால் கரீபியக் கடலில் உள்ள ஹிஸ்பனியோலாத் தீவைப் பாருங்கள்: அங்கே பெரியம்மை 1518இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1514 கணக்கெடுப்பில், பல லட்சம் தைனோ மக்கள் வாழ்ந்ததாகக் கருதப்படும் அந்தத் தீவில் 30,000க்கும் குறைவானவர்களே எஞ்சியிருந்தார்கள். பதினான்கு வயது தாண்டிய ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிறு மணி ஒன்று நிறையப் பொன்தூள் தர வேண்டும் என்று கொலம்பஸ் ஆணையிட்டார். பொன் அரிக்க அனுப்பப்பட்டவர்களின் வயல்கள் தரிசாகின, பஞ்சம் வந்தது. பின்னர் எங்கோமியேந்தா முறையில் ஊர் ஊராக மக்கள் ஸ்பானியருக்கு உழைப்பாளிகளாகப் பங்கிடப்பட்டார்கள்.

பொலிவியாவின் பொதோசி மலையில் 1545இல் வெள்ளி கண்டறியப்பட்டது. முறைவைத்துப் பொதுவேலை செய்யும் இன்காக்களின் மீத்தா ஏற்பாட்டில் வேலை செய்தவர்களுக்கு அரசு உணவளித்தது. அதே பெயரை எடுத்துக்கொண்ட அரசப் பிரதிநிதி தொலேதோ, 1570களில் 16 மாவட்டங்களிலிருந்து ஆண்டுக்கு 13,000க்கும் மேற்பட்ட ஆண்களைச் சுரங்கத்துக்குக் கட்டாயமாக வரவழைத்தார். வெள்ளியைப் பிரிக்கப் பயன்பட்ட பாதரசம் வாங்காவெலிகா சுரங்கத்திலிருந்து வந்தது. அதன் நஞ்சு தொழிலாளர்களின் உடலில் ஏறியது. பசித்து, இடம்பெயர்ந்து, குடும்பம் சிதறிய மக்களிடம் எந்த நோயும் இருமடங்கு கொல்லும். நோயைத் தனியாகவும் அடக்குமுறையைத் தனியாகவும் பிரித்துப் பழியைப் பங்கிடுவது, நடந்ததற்குப் பொருந்தாத கணக்கு.

அப்படியானால் அமெரிக்க நோய்கள் ஏன் ஐரோப்பியரைக் கொல்லவில்லை?

பெரியம்மை, தட்டம்மை போன்றவை ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களின் நெருக்கமான ஊர்களிலும் வணிகப் பாதைகளிலும் நெடுங்காலம் சுழன்றவை. மந்தையாக வளர்க்கும் விலங்குகளுடன் மனிதர் நெருங்கி வாழ்ந்ததும் அத்தகைய நோய்கள் சில தோன்றக் காரணமாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவில் லாமா, அல்பாக்கா, நாய், வான்கோழி போன்ற சிலவே வளர்க்கப்பட்டன. சிபிலிஸ் அங்கிருந்து வந்திருக்கலாம் என்ற கருத்து இன்றும் விவாதத்தில் உள்ளது.

ஸ்பானியர்களில் ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லையா?

பேசினார்கள். 1511இல் ஹிஸ்பனியோலாவில் அந்தோனியோ தே மோந்தெசினோஸ் என்ற துறவி, இந்த மக்கள் மனிதர்கள் அல்லவா என்று பிரசங்க மேடையிலிருந்தே குடியேறிகளைக் கேட்டார். பர்த்தலோமே தே லாஸ் காசாஸ் என்ற பாதிரியார் தம் எங்கோமியேந்தாவைத் துறந்து வாழ்நாள் முழுதும் வாதாடினார். அந்த மக்களைக் காக்க ஸ்பானிய அரசு 1542இல் இயற்றிய புதிய சட்டங்களில் அவருக்குப் பங்குண்டு. குடியேறிகள் கலகம் செய்ததால் அச்சட்டங்களின் முக்கியமான பிரிவுகள் தளர்த்தப்பட்டன. அவரே தொடக்கத்தில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று பரிந்துரைத்து, பின்னர் அதற்காக வருந்தினார். அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்டோர் சுமார் 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள்.

நமக்கும் இந்த வரலாற்றுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

சமையலறையிலேயே உண்டு. சங்க இலக்கியத்தில் மிளகு வருகிறது, மிளகாய் வருவதில்லை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, பப்பாளி, கொய்யா, அன்னாசி அனைத்தும் அந்தக் கண்டங்களின் உழவர்கள் உருவாக்கியவை. பல போர்த்துகீசியக் கப்பல்களில் வந்து சேர்ந்தன. பண்ருட்டி முந்திரியின் தாயகம் பிரேசில். சேலத்து ஜவ்வரிசிக்கு ஆதாரமான மரவள்ளியும் தென் அமெரிக்கப் பயிரே. பொதோசி வெள்ளியும் ஐரோப்பா வழியாகவும் மணிலா வழியாகவும் ஆசிய வணிகத்துக்குள் பாய்ந்தது. இந்தியத் துணிக்கும் மிளகுக்கும் ஐரோப்பியர் கொடுத்த வெள்ளியில் பெரும்பகுதி அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வெட்டப்பட்டதுதான்.

அந்த மக்கள் எல்லாம் இப்போது இல்லையா?

இருக்கிறார்கள். மாயா மொழிகளையும் இன்காக்களின் மொழியான கெச்சுவாவையும் பேசுவோர் தனித்தனியே பல லட்சக் கணக்கில் உள்ளனர். ஆஸ்டெக்குகளின் மொழியான நவாட்லை மெக்சிகோவில் சுமார் 16 லட்சம் பேர் பேசுகிறார்கள். 1780இல் பெருவில் சுரங்கக் கட்டாய வேலைக்கும் வரிக்கும் எதிராகக் கிளர்ந்த ஹோசே கபிரியேல் கொந்தோர்காங்கி, கடைசி இன்காவின் வழித்தோன்றல் என்ற உரிமையோடு இரண்டாம் துபாக் அமாரு என்று பெயர் சூடிக்கொண்டார். அவரை 1781இல் குஸ்கோவில் கொன்ற பிறகு ஸ்பானிய ஆட்சி இன்கா உடையையும் கெச்சுவா மொழியையும் ஒடுக்க முயன்றது. அதே கெச்சுவா 1975இல் பெருவின் ஆட்சிமொழிகளில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் பொலிவிய அரசியலமைப்புச் சட்டம் 36 பழங்குடி மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்றிருக்கிறது. 1992இல், கொலம்பஸ் வந்து ஐந்நூறாவது ஆண்டில், அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் குவாத்தமாலாவின் கிச்சே மாயாப் பெண்ணான ரிகோபெர்த்தா மென்சூ. அங்கே மலையூர்களில் நாள் கணிப்போர் பழைய 260 நாள் சுற்றை இன்றும் எண்ணி, விதைப்புக்கும் திருமணத்துக்கும் நாள் குறித்துக் கொடுக்கிறார்கள்.